இரண்டாவது ஓட்டம்

அலுவலகப் பயிற்சி வீடியோக்களை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் பீர்டியூபை எடுத்துக்கொண்டோம். பிரான்சில் ஃபிராமசாஃப்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு வளர்க்கும் வீடியோ தள மென்பொருள் அது, 1.0 பதிப்பு 2018இல் வந்தது. முதல் தடவை எல்லாவற்றையும் கையாலேயே நிறுவினேன். அதற்குத் தேவையான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரெடிஸ், நோட், எஃப்எஃப்எம்பெக், எல்லாவற்றுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. எந்தக் கட்டளையை எந்த வரிசையில் கொடுத்தேன் என்பது என் தலையில் மட்டும்தான் இருந்தது, அதுவும் பாதி.

சரி, எழுதிவைத்த வேலைகளைத் தானாகவே சர்வரில் செய்துமுடிக்கும் ஆன்சிபிளில் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நிறுவும் பகுதிகள் சீக்கிரமே முடிந்தன. பீர்டியூபின் கான்ஃபிக் கோப்பில் ஒரு ரகசியச் சாவி வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி 32 பைட்டில் உருவாக்கித் தரும். அதையும் பிளேபுக்கே (ஆன்சிபிளுக்கு எழுதும் வேலைப் பட்டியல்) உருவாக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். காலி மெஷினில் ஓட்டினேன், ஒரு பிழைகூட வரவில்லை.

சில வாரம் கழித்து, பெரிய வீடியோக்களை ஏற்ற என்ஜின்எக்ஸில் அளவு வரம்பைக் கூட்டினேன். ஒரே ஒரு வரிதான். பிளேபுக்கை மறுபடி ஓட்டினேன், வீடியோக்கள் ஓடின. மறுநாள் காலையில் இருவர் வந்து லாகின் ஆகவில்லை என்றார்கள். இருவருமே இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தவர்கள். அவர்களுடைய ஓடிபி ரகசியத்தை பீர்டியூப் அந்தச் சாவியால்தான் மறையாக்கம் செய்து வைத்திருக்கிறது. பிளேபுக்கோ ஒவ்வொரு ஓட்டத்திலும் புதுச் சாவி செய்து பழையதன்மேல் எழுதிக்கொண்டிருந்தது. பேக்கப்பில் பழைய கான்ஃபிக் இருந்ததால் அரை மணி நேரத்தில் மீண்டோம்.

ஆன்சிபிள் அதை முந்தைய நாளே சொல்லியிருந்தது. கடைசியில் வரும் கணக்கில் மாறியவை 2 என்று இருக்க வேண்டும்: என்ஜின்எக்ஸ் கோப்பு, அதன் ரீலோடு. அங்கே 5 என்று இருந்தது. சாவி, கான்ஃபிக், பீர்டியூப் ரீஸ்டார்ட், இந்த மூன்றும் கூடுதல். நான் தோல்வி 0 என்பதை மட்டும் பார்த்துவிட்டு டெர்மினலை மூடியிருந்தேன்.

இப்போது எந்த மாற்றமானாலும் காலி மெஷினில் இரண்டு தடவை ஓட்டுகிறேன். இரண்டாவது ஓட்டத்தில் மாறியவை 0 என்று வராமல் எதையும் உண்மையான சர்வருக்குக் கொண்டுபோவதில்லை. இப்படி அழித்து அழித்துக் கட்டும்போது தளத்துக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சோதனைச் சர்வரைப் பயன்படுத்துவது முக்கியம். ஒரே பெயருக்கு வாரம் 5 சான்றிதழுக்கு மேல் அசல் சர்வர் தராது. பீர்டியூபின் சாவியை ஒரே தடவை உருவாக்கி, ரகசியங்களைக் கடவுச்சொல்லால் மறையாக்கி வைக்கும் ஆன்சிபிள் வால்ட்டில் பூட்டிவிட்டேன்.

சென்ற மாதம் நான் விடுப்பில் இருந்தபோது சர்வரின் டிஸ்க் போய்விட்டது. சக ஊழியர் புது மெஷினில் பிளேபுக்கை ஓட்டி, டேட்டாபேஸ் பேக்கப்பையும் வீடியோ கோப்புகளையும் ஏற்றி, மதியத்துக்குள் எழுப்பிவிட்டார். ஒரே ஒரு தடவைதான் போன் செய்தார், வால்ட்டின் கடவுச்சொல் எங்கே என்று கேட்க. அது என் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை டீமின் பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டேன்.