பல்லின் இடம் முதலில்

வெள்ளவத்தையில் உள்ள ஒரு பல் ஆய்வுகூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாகச் செயற்கைப் பற்கள் செய்து வருகிறேன். நோயாளியின் முகத்தை நாங்கள் பெரும்பாலும் காண்பதில்லை. எங்கள் மேசைக்கு வருவது அவருடைய வாயை அளவெடுத்து வார்த்த பிளாஸ்டர் அச்சு மட்டுமே. ஆயினும், தாடை முழுவதற்கும் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கை வேர், வைத்துப் பற்கள் பொருத்தும் வேலையில், சத்திரசிகிச்சைக் கூடத்தில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பது அந்த அச்சிலேயே தெரிந்துவிடும்.

டைட்டேனியம் எலும்போடு ஒட்டி இறுகிவிடும் என்பதைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு பிரேனமார்க், 1965 இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் இம்பிளாண்டுகளைப் பொருத்தினார். பின்னர் போர்த்துக்கலின் பாவுலோ மாலோ, முன்புறம் இரண்டை நேராகவும் பின்புறம் இரண்டைச் சாய்வாகவும் இறக்கி, நான்கே இம்பிளாண்டுகளில் ஒரு தாடையின் பல்வரிசை முழுவதையும் தாங்கச் செய்யும் முறையைப் பரவச் செய்தார். கீழ்த்தாடையில் நரம்பையும் மேல்தாடையில் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறையையும் தொடாமல் விலகிச் செல்வதற்காகவே அந்தச் சாய்வு.

எங்கள் பங்கு அதன்பின் வருகிறது. இம்பிளாண்டுகளை இணைக்கும் உலோகச் சட்டத்தை அச்சின்மேல் வைத்து, ஒரு கோடியிலுள்ள ஒரே ஒரு திருகாணியை மட்டும் இறுக்கி, மறுகோடியை உருப்பெருக்கியின் கீழ் பார்க்க வேண்டும். அங்கே மயிரிழை அளவு சட்டம் எழும்பினாலும் அதை வெட்டி மீண்டும் ஒட்டியாக வேண்டும். இயற்கைப் பல்லைச் சுற்றி மெல்லிய நார்த்திசு இருப்பதால் அது சற்றே அசைந்து கொடுக்கும். இம்பிளாண்டுக்கும் எலும்புக்கும் இடையே அப்படி எதுவும் இல்லை. சட்டத்தில் நான் விடும் பிழை நோயாளி வாயை மூடியிருக்கும் வேளையிலும் திருகாணியை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு பழகியிருந்தும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நான் செய்த பற்கள் ஐந்தே வாரத்தில் முறிந்தன. மட்டக்களப்பைச் சேர்ந்த அவர் நெடுங்காலம் வெற்றிலை போட்டவர். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. இருந்தும், இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் இன்றுவரை முன்வரிசையிலேயே நிற்கிறது. அந்தப் புற்றுநோய்க்காக அவருடைய கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை நாடிவரை அகற்றியிருந்தார்கள். எஞ்சிய பற்களையும் கதிர்ச்சிகிச்சைக்கு முன் பிடுங்கியிருந்தார்கள். அகற்றிய இடத்தில், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக உள்ள மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடும் மேலுள்ள தோலோடும் எடுத்து, துண்டுகளாக்கி வளைத்து வைத்திருந்தார்கள். 1989 இல் நியூயோர்க்கில் ஹிடால்கோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் விவரித்த இம்முறை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

சிக்கல் எலும்பின் உயரத்தில் இருந்தது. பற்கள் இருந்த காலத்துத் தாடை முன்புறத்தில் ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் உயரம் இருக்கும். காலிலிருந்து வந்த எலும்போ அதில் பாதிதான். முகத்தின் வடிவம் கெடாதிருக்க அதைத் தாடையின் கீழ் விளிம்பை ஒட்டிப் பொருத்தியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முகம் அழகாகவே இருந்தது. உள்ளே, இம்பிளாண்டுகள் ஒரு கிணற்றின் அடியில் நின்றன. மேல்வரிசைப் பற்களை எட்டுவதற்கு நான் கீழ்ப்பற்களை இருமடங்கு நீளமாகச் செய்ய வேண்டியதாயிற்று. நீளம் கூடக்கூட ஒவ்வொரு கடியும் நெம்புகோல் போலத் திருகாணியின்மேல் இறங்கும். அதை அறிந்திருந்தும், வரிசை நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கடைசி இம்பிளாண்டையும் தாண்டி அந்தரத்தில் ஒரு கடைவாய்ப்பல்லை வைத்தேன். அந்தப் பிழைக்கு நானே பொறுப்பு.

கைக்குட்டையில் பொதிந்த இரண்டு துண்டுகளோடு அவர் ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார். "தம்பி, சோறுதான் சாப்பிட்டேன், வேறொன்றும் கடிக்கவில்லை" என்று, தவறு தன்னுடையது என்பதுபோல் சொன்னார். "இல்லை சேர், பிழை என்னுடையது" என்றேன். வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒட்டியிருந்த கால்தோலில் மெல்லிய உரோமங்கள் முளைத்திருந்தன. பிளாஸ்டர் அச்சில் அது எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவருடைய நாக்கு ஒவ்வொரு நாளும் எதை உணர்கிறது என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். கடைவாய்ப்பல்லை நீக்கி, டைட்டேனியம் சட்டத்தோடு புதிதாகச் செய்து கொடுத்தேன். இப்போது ஒரு பல் குறைவு. மெல்லுகிறார்.

எலும்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே பல் எங்கே வர வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று அதன்பின் என்னிடம் வேலை தரும் ஒவ்வொரு வைத்தியரிடமும் சொல்லத் தொடங்கினேன். ஸ்கான் படங்களைக் கணினியில் அடுக்கி, முதலில் பல்வரிசையையும் பிறகு இம்பிளாண்டையும் இறுதியில் எலும்பை வெட்டும் கோணத்தையும் தீர்மானிப்பதற்கு இன்று வழி இருக்கிறது. தேவைப்படும் இடத்தில் அதே எலும்பை மடித்து இரண்டு அடுக்காக வைத்து உயரத்தைக் கூட்டவும் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குத் தெரியும். கேட்க வேண்டியவர்களை உரிய நேரத்தில் கேட்டால் போதும்.

சென்ற மாதம் ஒரு முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் அறுவைக்கு மூன்று வாரம் முன்னதாகவே தொலைபேசியில் அழைத்தார். கட்டியால் பாதிக்கப்பட்ட ஓர் இளம் பெண்ணின் தாடை அச்சை அனுப்புவதாகவும், பற்கள் நிற்க வேண்டிய இடத்தை மெழுகில் வைத்துத் தரும்படியும் கேட்டார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக மெழுகில் நிறுத்தினேன். அந்த அச்சில் தாடை இன்னும் முழுதாக இருந்தது.