தண்ணீரில் வேகும் போரெக்

இஸ்தான்புல்லில் இறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு, தங்கியிருந்த தெருமுனையில் இருந்த போரெக் கடைக்குள் நுழைந்தேன். போரெக் என்பது மெல்லிய மாவுத் தாளில், பெரும்பாலும் உள்ளே பூரணம் வைத்துச் செய்யும் துருக்கிப் பண்டம். பெரிய தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தராசில் நிறுத்து, கூடவே சின்ன இடுப்புள்ள கண்ணாடிக் குவளையில் கட்டன் சாயும் வைத்தார்கள். அதற்குமுன் எனக்கு போரெக் என்றால் எண்ணெயில் பொரித்து, வெள்ளைச் சீஸ் வைத்துச் சுருட்டிய சிகாரா போரெயி மட்டும்தான். இது வேறு. மேலே மொறுமொறு, நடுவில் கொழுக்கட்டை மேல்மாவு மாதிரி வழுவழு.

பெயர் ஸு போரெயி. ஸு என்றால் தண்ணீர். முட்டை சேர்த்துப் பிசைந்த மாவை ஒல்லியான நீளக் குழவியால் மெல்லிய தாளாக விரிக்கிறார்கள் (இந்தத் தாளுக்கு யுஃப்கா என்று பெயர்), ஒவ்வொரு தாளையும் உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, உடனே பச்சைத் தண்ணீரில் முக்கி, துணியில் வடியவிட்டு, வெண்ணெய் தடவி அடுக்கி, நடுவில் சீஸும் பார்ஸ்லியும் தூவிச் சுட்டெடுக்கிறார்கள். அடியிலும் மேலேயும் வரும் தாள்களை மட்டும் கொதிக்கவிடுவதில்லை, அந்த மொறுமொறுப்பு அங்கிருந்துதான் வருகிறது. இவ்வளவு வேலையையும் வாயில் வைத்ததும் உணர முடிகிறது, எனக்கு போரெக்கிலேயே இதுதான் முதலிடம்.

பூரணத்தைவிட மாவுதான் முக்கியம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பூரணமே இல்லாமல், மேலே பொடித்த சர்க்கரை தூவித் தரும் குர்த் போரெயியும் அந்தக் கடையிலேயே விற்றது. கருங்கடல் பக்கம் ரிஸேயில் லாஸ் போரெயி என்று ஒன்று, உள்ளே பால்கூழ், அதில் மிளகுத்தூள்! மேலே சர்க்கரைப் பாகு.

அப்புறம் அதிவேக ரயிலேறி எஸ்கிஷெஹிர் போனேன், சி போரெக் சாப்பிடுவதற்காகவே. 1783-இல் ரஷ்யா கிரிமியாவைச் சேர்த்துக்கொண்ட பிறகும், 1856-இல் கிரிமியப் போர் முடிந்த பிறகு இன்னும் பெருமளவிலும் அங்கிருந்து கிளம்பி வந்த தாத்தார் மக்களின் பண்டம் இது. பச்சைக் கொத்துக்கறியையும் வெங்காயத்தையும் அரைநிலா வடிவில் மூடி எண்ணெயில் போட, கறி உள்ளேயே தன் சாற்றில் வெந்துவிடுகிறது. முள்கரண்டியை எடுக்காதீர்கள், சாறெல்லாம் தட்டில் போய்விடும். கையில் பிடித்து, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும்.

கடைசியாக இஸ்மிர். அங்கே பொயோஸ். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் கொண்டுவந்தது, பெயரிலேயே ஸ்பானியம் இருக்கிறது. மாவு உருண்டைகளை எண்ணெயில் ஊறவிட்டு, பிறகு கையாலேயே மெல்லிசாக விரிப்பதைப் பார்த்தபோது நம் ஊர்ப் பரோட்டா கல்லின் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. அவித்த முட்டையை உரித்து, உப்பும் மிளகும் தூவி, ஒரு கடி அது, ஒரு கடி இது, நடுவில் சாய். காலையிலேயே போய்விடுங்கள், இரண்டாம் நாள் நான் பத்தரை மணிக்குப் போனபோது தட்டு காலி.