சின்னப் போத்தல்

மார்ச் 27
மச்சான் லண்டனில் இருந்து கப்பலில் போட்ட பெட்டி வந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து, சொக்லேட், அடியில் துவாய்க்குள் சுற்றிய 3 லீற்றர் சிலிண்டர். வால்வைக் கழற்றி ஒரு காலுறைக்குள் தனியாகப் போட்டிருக்கிறான். துவாரத்தில் ஒட்டியிருந்த நாடாவை உரித்து மூக்கை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் வாசம் இல்லை. நல்லது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாருக்குத் தம்பி ஒட்சிசன்?" என்றார். ஒட்சிசன் இல்லை அக்கா, வெறும் காற்றுதான், கடலுக்குள் சுழியோடும்போது பெரிய சிலிண்டர் கைவிட்டால் மூச்சிழுக்க என்றேன். நம்பவில்லை. மத்தியானம் கஞ்சி கொண்டுவந்து தந்தார்.

மார்ச் 29
நித்திரை இல்லை. கடலடியில் காற்று வராத அந்த 40 செக்கன்.

மார்ச் 30
கொப்பியில் கணக்குப் போட்டேன். 24 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் 3.4 பார். பதற்றத்தில் ஒரு ஆள் நிமிடத்துக்கு 30 லீற்றர் இழுப்பான் என்று வைத்தால், அங்கே அது 3.4 மடங்கு, 102. தடுமாறி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் கொடுத்தேன். நிமிடத்துக்கு 9 மீற்றராக 5 மீற்றர் வரை ஏற 155 லீற்றர். உடம்பில் கரைந்த வாயு வெளியேற அங்கே 3 நிமிடம் நிற்க 135. மிச்சத்துக்கு 40க்குள். கூட்டினால் 430. போத்தலில் 200 பாருக்கு 600 இருக்கும். போதும்.

போன வருடம் நான் வாங்கப் பார்த்த அந்தக் கையடக்கக் குப்பி 85 லீற்றர்தான் பிடிக்கும். கீழே ஒரு நிமிடம்கூடக் காணாது.

இரவு திரும்பவும் கொப்பியை எடுத்தேன். 30 என்று எழுதியது யார்? நான்தான். அன்றைக்கு நான் இழுத்தது 30 தானா? 50 போட்டுப் பார்த்தேன். 717. கொப்பியை மூடிவிட்டேன்.

மார்ச் 31
விடிய எழும்பியதும் யோசனை வந்தது. 50 ஆக இருந்தால் அந்த 3 நிமிட நிறுத்தத்தை விடலாம். அதிக நேரம் கீழே நிற்கப் போவதில்லை, அது கட்டாயம் இல்லை. 225 குறையும். 492.

பல் தீட்டாமல் போய்க் கொப்பியில் எழுதினேன்.

ஏப்ரல் 1
பெரிய சிலிண்டரின் வலப் பக்கத்தில் பட்டி போட்டு இறுக்கினேன். பார்க்க வடிவு. முதுகில் ஏற்றினால் வலப் பக்கம் சரிக்கிறது. இடுப்புப் பட்டியில் இடப் பக்கம் ஒரு கிலோ ஈயம் கூட்டினால் சரியாகும். ஆனால் வால்வுக்குக் கை எட்டவில்லை. எவ்வளவு வளைந்தும் விரல் நுனி படுவதோடு சரி.

ஏப்ரல் 3
பாசிக்குடாவில் நெஞ்சளவுத் தண்ணீரில் மருமகனோடு இறங்கிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் சுகமாக நீந்தினேன். அப்புறம் அவன் முதுகில் தட்டினான். "மாமா, பின்னுக்குச் சோடாப் போத்தல் மாதிரி நுரைக்குது." எழும்பி மானியைப் பார்த்தால் 50 பார் போய்விட்டது. எனக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இன்னொருவன் பார்த்துச் சொல்லவேண்டும் என்றால் எனக்கு எதற்கு இந்தப் போத்தல்? அன்றைக்கும் பக்கத்தில் ஆள் இருந்ததுதானே. பத்து மீற்றர் தள்ளி, கொடுவாமீனைப் படம் எடுத்துக்கொண்டு.

ஏப்ரல் 5
முதுகு சரிவராது. இடப் பக்கம் அக்குளுக்குக் கீழே தொங்கவிடப் போகிறேன். கழுத்தில் ஒரு கொளுக்கி, தோள் வளையத்துக்கு. அடியில் கிளிப் போட்டு இறுக்கிக் கயிற்றில் இன்னொரு கொளுக்கி, இடுப்பு வளையத்துக்கு. கிளிப்பின் வால் கையைக் கிழித்துவிட்டது. சைக்கிள் ரியூப்பில் நாலு விரல் அகலம் வெட்டி, சவர்க்காரத் தண்ணீர் பூசி அதன்மேல் ஏற்றினேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. மிஞ்சிய ரியூப்பை வளையமாக்கிக் குழாயை மடித்துச் சொருகினேன்.

இப்போது வால்வும் மானியும் கண்ணுக்கு முன்னால்.

ஏப்ரல் 9
1942இல் இதே நாள். ஜப்பான்காரன் குண்டு போட்டு மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் கிடப்பது 53 மீற்றரில், அது எனக்கு இல்லை. எங்களுடையது அன்றைக்கே மூழ்கிய எண்ணெய்க் கப்பல், பிரிட்டிஷ் சார்ஜன்ட். கடல் இன்னும் கலங்கல்தான்.

ஏப்ரல் 11
வால்வைத் திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா? பூட்டினால் ஒழுகாது என்கிறார்கள். பூட்டிப் பார்த்தேன். குழாயில் நின்ற காற்று ஒரு மூச்சு வந்தது, அடுத்தது பாதி. பிறகு சுவர். அதே சுவர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே கை நடுங்கியது.

திறந்துதான் வைப்பேன். வாயில் கடிக்கும் பகுதி கீழே பார்த்தபடி இருந்தால் தானாகப் பீறாது.

ஏப்ரல் 13
வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகினோம். பெரியப்பாவிடம் கைவிசேஷம் வாங்கப் போனேன். கடலட்டைத் தொழிலுக்கு இறங்கிய காலத்தில் போன கால், இப்போதும் இழுத்துத்தான் நடக்கிறார். "எத்தனை பாகம் ஆழம்?" என்றார். பதின்மூன்று என்றேன். போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். கொளுக்கியை ஒரு கையால் கழற்றி மாட்டிப் பார்த்தார், மூன்று தரம். "கட்டினது சரி. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பியா?"

நூறு ரூபாய் தந்தார். புதுத் தாள்.

ஏப்ரல் 15
லைட்டை அணைத்துவிட்டு அறைக்குள். 11 செக்கன். 9. 14 (ரியூப் வளையத்துக்குள் சிக்கியது). 6. 6.

லைட் எரிந்தது. மனுசி வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "போன செப்டெம்பரில் என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 16
சொன்னேன்.

ஏப்ரல் 18
இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. சோறு மட்டும் வருகிறது. கச்சான் காற்று, வெக்கை.

ஏப்ரல் 20
போட்காரத் தம்பி எடுத்தான். கடல் தெளிந்துவிட்டதாம், நாளை விடிய 5.30க்கு. காற்று அடித்துக்கொண்டு வந்தேன். அடிக்கும்போது 200 காட்டியது, ஆறியதும் 185.

கொப்பியைத் தேடினேன். குசினி மேசையில் கிடந்தது. 600ஐ வெட்டிவிட்டு, இவள் கையெழுத்தில், 555.