முதலில் ஒழுக்கு, பிறகு ஒயர், கடைசியில்தான் வார்னிஷ்

பழைய பாய்மரப் படகின் உள்ளறையைப் புதுப்பிக்க இறங்குகிறவர்களில் பலர் வார்னிஷில் தொடங்கிவிடுகிறார்கள். மேல்தளத்தில் ஒழுக்கு இருந்தால் அடுத்த மழையிலேயே அந்தப் பலகை கறுக்கத் தொடங்கும்.

கைப்பிடிக் கம்பிகளின் போல்ட் துளைகள், பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகளுக்கான எஃகுப் பட்டைகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம்: தண்ணீர் பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் வரும். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். தளத்துக்குள் அடைத்திருக்கும் உள்மரம் ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கிக் கேட்கும். துளையைப் பெரிதாக்கி, ஊறிய மரத்தைச் சுரண்டியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, எப்பாக்ஸியால் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) நிரப்புங்கள். அது இறுகியபின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிடலாம். மேலே சீலன்ட் மட்டும் பூசினால் உள்ளே போன ஈரம் அங்கேயே தங்கி அழுகலை வளர்க்கும். எஃகுப் பட்டை பூட்டிய குறுக்குப் பலகை மெத்தென்று இருந்தால் அதை மாற்றியே ஆகவேண்டும். பாய்மரமே அதை நம்பித்தான் நிற்கிறது.

ஒயரைத் தொடுமுன் பேட்டரியையும் கரையிலிருந்து வரும் மின்சாரத்தையும் கழற்றிவிடுங்கள். பழைய ஒயரின் முனையைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும். இன்னும் ஓரடி வெட்டினாலும் பல நேரம் கறுப்புதான். உப்பு ஈரம் இழைகளுக்கிடையே ஏறிக்கொண்டே போகும். இதை ஒட்டுப்போடுவது வீண்வேலை, மொத்தமாக மாற்றுவதே சரி. வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு ஒயர்தான் வேண்டும். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடிந்துவிடும்.

தடிமனைக் கணக்குப் போட்டே முடிவு செய்யவேண்டும். வழிகாட்டும் விளக்குகளுக்கு மின்னழுத்த இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். பாய்மர உச்சி விளக்குக்கு 15 மீட்டர் என்றால், போக வர 30 மீட்டர். 25 வாட் பல்பு சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.42 வோல்ட் போய்விடும். 4 போட்டால் 0.26தான். எல்இடி விளக்கானால் மெல்லிய ஒயரே போதும்.

இணைப்புகளை வளைய முனை வைத்து கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். சால்டரை மட்டும் நம்பக்கூடாது. அது இழைகளுக்குள் ஓடி ஒயரை விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் ஒயர் முறியும்.

ஃப்யூஸ் காப்பது ஒயரைத்தான், கருவியை அல்ல. ஆகவே ஒயரின் தாங்குதிறனைப் பார்த்து, பேட்டரியிலிருந்து சுமார் 18 செ.மீ.க்குள் அதைப் பொருத்துங்கள். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்புக்கு மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்பே தனி ஃப்யூஸ் வழியாக இணைப்பு எடுங்கள். ஆளில்லாத நேரத்திலும் அது ஓடவேண்டும். தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் மிதவை சுவிட்சின் ஒயர் இணைப்பு, தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும்.

ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் பெயர் ஒட்டி, ஒயர்கள் போகும் குழாய்க்குள் ஓர் இழுப்புக் கயிறும் விட்டுவையுங்கள். எல்லா விளக்கையும் எரியவிட்டு, பேட்டரியிலும் ஒவ்வொரு விளக்கின் முனையிலும் மீட்டரால் அளந்து குறித்த பிறகே கூரைப் பலகைகளை மூடுங்கள். அவற்றையும் பசையில் ஒட்டாமல் ஸ்குரூவில் பூட்டுங்கள்.