கங்கைகொண்டான் முகாமும் ஒரு பழைய பாஸ்போர்ட்டும்

எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பெயின்டர்தான், அகதி முகாமில் இருப்பவர்களின் குடியுரிமைக்காக வாதாடும் இந்த வேலைக்குள் என்னைக் கொண்டுவந்தார். மதியம் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், முகாமில் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா?" என்று கேட்டார். திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். தன் மனைவிக்காகக் கேட்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்போது பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குகளும் விபத்து இழப்பீட்டு வழக்குகளும்தான் என் பிழைப்பு. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைச் சட்டக் கல்லூரியில் தேர்வுக்குப் படித்ததோடு சரி. அன்று இரவு அதை மறுபடி எடுத்து வாசித்தேன். அதில் மூன்றாம் பிரிவு முழுவதும் தேதிகளால் ஆனது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர் என்றால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிந்திப் பிறந்தவர் என்றால் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. முறையான ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டவரைச் சட்டம் அப்படி அழைக்கிறது. உயிர் தப்பப் படகேறியவனிடம் என்ன ஆவணம் இருக்கும்?

பெயின்டரின் மனைவி பிறந்தது 1993-இல். பெற்றோர் இருவரும் அகதிகளாகப் பதிவானவர்கள். வழி இல்லை என்றே நினைத்தேன். ஆனாலும் அவர் கேட்டுக்கொண்டதால் ஒரு மனுவை எழுதினேன். பதிவு அட்டையில் இருந்ததை அப்படியே பார்த்து, "மனுதாரர் இலங்கை நாட்டவர்" என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கையெழுத்து வாங்க முகாமுக்கே போனேன். அன்று பணக்கொடை வழங்கும் நாள். வருவாய்த் துறையினர் பெயர் கூப்பிடுவதற்காக ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனுவைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். சுவரோரம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெயின்டரின் மாமியார் கையை நிறுத்தினார்.

"அவள் எப்படி ஐயா இலங்கைக்காரி ஆவாள்? ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். நானே இந்தியப் பிரஜாவுரிமைக்காரி."

பிரஜாவுரிமை என்பது குடியுரிமைக்கு இலங்கையில் வழங்கும் சொல். மலையகத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், வாழ்ந்தவர்கள்தாம் அதை அந்த அழுத்தத்தோடு சொல்வார்கள். "ஆச்சி, நீங்கள் எந்த ஊர்?" என்று அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம். 1977 கலவரத்தில் லயம் எரிந்தபின் வவுனியாவுக்கு நடந்தவர்கள். அவர் உள்ளே போய், தகரப் பெட்டியின் அடியிலிருந்து உரச் சாக்கின் உள்ளுறையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே ஓர் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. 1982-இல் கண்டியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்தது. ஈரம் பட்டுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. புகைப்படத்தில் இரட்டைச் சடை போட்ட ஓர் இளம்பெண். கூடவே ஒரு விண்ணப்ப நகல். பூர்வீக ஊர் என்ற இடத்தில் சங்கரன்கோவில் தாலுகாவில் ஒரு கிராமத்தின் பெயர் எழுதியிருந்தது.

அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. 1948-இல் இலங்கை தன் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாரும் அந்த மக்களிடம் கேட்கவில்லை. ஆச்சி இந்தியப் பங்கில் விழுந்தவர். பாஸ்போர்ட் கைக்கு வந்தும் புறப்பட வசதியில்லை. 1984-இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. 1990-இல் சண்டை மூண்டபோது, அந்த பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோரோடும் படகில் வந்து ராமேஸ்வரத்தில் அகதியாக இறங்கினார். பாட்டனாரைக் கங்காணி அழைத்துச் சென்ற ஊரோ, இந்த முகாமிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் போய் வந்துவிடும் தூரம்.

"இத்தனை வருடம் ஏன் காட்டவில்லை?" என்றேன்.

"என்னை இந்தியக்காரி என்று முகாமை விட்டு அனுப்பிவிட்டால் என் புருஷனை யார் பார்ப்பார்கள்? அவர் கிளிநொச்சிக்காரர்."

முதல் பத்தியை அங்கேயே அடித்தேன். தாய் இந்தியர் என்றால் 1993-இல் பிறந்த மகள் பிறப்பால் இந்தியர். நான் எழுதிய அந்த ஒற்றை வரி மனுவில் அப்படியே இருந்திருந்தால், அவரே இலங்கையர் என்று ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வரி இல்லாமலேயே சில மாதங்களில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிராகரித்த அலுவலகம், பதிவு அட்டையில் நாட்டினம் 'இலங்கை' என்று இருப்பதையே காரணமாகக் காட்டியது. பிறந்த குழந்தைக்கு அந்த அட்டையை எழுதியது யார் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கேட்டோம்.

அங்கே எங்களுக்கு முன்னுதாரணமும் இருந்தது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் அதே மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். எங்கள் வழக்கு இழுத்தது. ஆச்சியின் பழைய பாஸ்போர்ட் உண்மையானதா என்று சரிபார்க்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பொட்டலத்தை அவரே தன் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என் குமாஸ்தாவிடம்கூடக் கொடுக்கமாட்டார். கடைசியில் மகளுக்கு பாஸ்போர்ட் வந்தது.

அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் கதவைத் திறந்தது, இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குத் தந்தார்கள். நிம்மதிதான். ஆனால் வழக்குப் போடாமல் விடுவதும் குடிமகனாக ஏற்பதும் வேறு வேறு. அரசியலமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகள் 'எந்த நபருக்கும்' என்று பேசுகின்றன. குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. பல நாள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறேன்.

இப்போது கையில் இருப்பது பேரனின் கோப்பு. 2010-இல் பிறந்தவன். தாய் இந்தியர் என்று அரசே ஒப்புக்கொண்டாகிவிட்டது. தந்தை, அதாவது நம் பெயின்டர், ஏழு வயதில் படகில் வந்தவர், ஆவணமின்றி நுழைந்தவர். அதனால் 2004 தேதி பையனை வெளியே நிறுத்துகிறது. ஐந்தாம் பிரிவின் நான்காம் உட்பிரிவில், சிறப்புச் சூழ்நிலை இருந்தால் பதினெட்டு வயது நிறையாத யாரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறது. அதன்கீழ் விண்ணப்பம் தயார் செய்திருக்கிறேன். அவனும் சட்டவிரோதக் குடியேறிதானே என்று பதில் வரக்கூடும். அந்தப் பதிலுக்கு இப்போதே ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன்: சட்டம் பேசுவது இந்தியாவுக்குள் நுழைந்தவரைப் பற்றி, இவன் எங்கிருந்தும் நுழையவில்லை, இங்கேதான் பிறந்தான்.

2028-இல் அவனுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. அதன்பிறகு அந்த உட்பிரிவு அவனுக்கு உதவாது. வரும் திங்கட்கிழமை விண்ணப்பத்தைக் கொடுக்கிறோம். இந்த முறை முதல் பத்தியை ஆச்சியிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன்.