பனிக்காலத்துக்கு ஒரு எம்3-ஐ நிறுத்திவைத்தல்: ஸ்காபரோ கராஜ் குறிப்புகள்

ஒக்ரோபர் 12

கார்: பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 கூப்பே, மனுவல் கியர், எஸ்54 எஞ்சின். இடம்: ஸ்காபரோ (கனடா, ஒன்ராறியோ மாகாணத்தில் ரொறன்ரோ நகரின் ஒரு பகுதி), வீட்டோடு ஒட்டிய இரண்டு கார் கராஜ், சூடாக்கி இல்லை. காலம்: ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, ஐந்தரை மாதம். போர்ஷ, கோர்வெட், ஹொண்டா எஸ்2000 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எப்போது நிறுத்துவது? முதல் பனி விழட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம். உப்பு வண்டி பனிக்கு முன்னமே வந்துவிடும். புயல் வருகிறது என்றதும் வீதியில் உப்புநீரைக் கோடு கோடாக ஊற்றிவிட்டுப் போவார்கள். காய்ந்த தார் ரோட்டில் அந்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது. ஈ46-இல் பின் சில்லு வளைவின் உள்விளிம்பும் ஜாக் வைக்கும் இடங்களின் ஓரங்களும்தான் முதலில் கறள் பிடிக்கும். உப்புநீர் போய்த் தங்குவதும் அங்கேதான்.

ரயரும் ஒரு காரணம். கோடை ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸ் 7-க்குக் கீழே அந்த ரயரை உருட்டினால் மேற்பரப்பில் வெடிப்பு விழலாம். ஆகவே குளிர் இறுகிய பிறகு காரை அசைக்கவே கூடாது. வைக்கும் இடத்தை இப்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

நின்ற காரைக் கெடுப்பது ஈரம். இனி எழுதப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் அதைத் துரத்தத்தான்.

ஒக்ரோபர் 19

ஒயில். வசந்தத்தில் மாற்றலாம், புதுசு ஏன் சும்மா நிற்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓடிய ஒயிலில் எரியாத பெற்றோலும் தண்ணீரும் அமிலமும் கலந்திருக்கும். அந்தக் கலவை ஐந்தரை மாதம் பெயரிங் மேல் படிந்து கிடப்பதை விட, புது ஒயில் கிடப்பது எவ்வளவோ மேல். எஸ்54-க்கு வடியோடு (பில்டர்) சேர்த்து 5.5 லீற்றர் 10டபிள்யூ-60 ஒயில். எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, உடனே வடித்து, வடியும் அடைப்பு வளையங்களும் மாற்றி, 5 லீற்றர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் குச்சியில் பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். வடிப்போல்டின் செப்பு வளையத்தைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

கூலன்ற் பரிசோதனை: மிதவைக் கருவியில் மைனஸ் 37 காட்டவேண்டும். அது பாதிக்குப் பாதி கலவை. கோடை முழுக்கக் கொதிக்கும்போதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருந்தால் இங்கே வெளிக்கும். எல்லோரும் மறக்கிற இன்னொன்று கண்ணாடி கழுவும் நீர். கோடைக்கால நீர் உறைந்தால் பம்பும் தொட்டியும் வெடிக்கும். அதை வடித்து, மைனஸ் 35 அல்லது 40 என்று எழுதியதை நிரப்பி, பீச்சுவாய் வரைக்கும் வரும்படி பத்து விநாடி அடித்துவிட வேண்டும்.

பிறேக் ஒயில் இரண்டு வருடம் ஆகியிருந்தால் இப்போதே மாற்றுவது நல்லது. அது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். கலிப்பர் பிஸ்டன் ஓரத்தில் கறள் உள்ளேயிருந்து தொடங்குவது அந்த ஈரத்தால்தான்.

ஒக்ரோபர் 25

வெயில், 13 பாகை. கடைசி ஓட்டத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

முதலில் கழுவல். மேல் உடம்பை விட அடியில்தான் அதிக நேரம்: சில்லு வளைவுகள், சப்ஃப்ரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) மேற்பக்கம், ஜாக் இடங்கள். பொனற்றைத் திறந்து வைப்பர் அடியில் சேர்ந்த இலைகளை அள்ள வேண்டும். அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் குப்பை. பறவை எச்சம், பூச்சிக் கறை எல்லாம் போகவேண்டும். பிறகு ஒரு பூச்சு வக்ஸ். கதவு, டிக்கி ரப்பர்களுக்குச் சிலிக்கன் கிறீஸ் தடவாவிட்டால் கண்ணாடி ரப்பரோடு உறைந்து ஒட்டும்.

பிறகு பெற்றோல். ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோலில் 10% அளவில் எத்தனோல் இருக்கும். எத்தனோல் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனோலும் பிரிந்து தாங்கியின் அடியில் இறங்கும், பம்ப் உறிஞ்சுவது அதைத்தான். தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, ஈரத்துக்கும் இடமில்லை. 63 லீற்றர் தாங்கிக்கு ஸ்ரெபிலைசர் (பெற்றோல் கெடாமல் காக்கும் திரவம்) 200 மில்லிலீற்றர் (9.5 லீற்றருக்கு 30 என்ற கணக்கு). அதை முதலில் ஊற்றி அதன்மேல் பெற்றோல் அடித்தால் தானாகக் கலக்கும். பம்ப் முதல்தடவை நின்றதும் நிறுத்துங்கள். விளிம்பு வரை அடைத்தால் பெற்றோல் ஆவி பிடிக்கும் கரி வடிக்குள் போய் அதைக் கெடுக்கும்.

அங்கிருந்து வீட்டுக்கு 25 கிலோமீற்றர் சுற்றுவழி. இந்த ஓட்டத்தில் மூன்று காரியம் முடிகிறது: ஸ்ரெபிலைசர் கலந்த பெற்றோல் இன்ஜெக்டர் வரை வரும், கழுவிய தண்ணீர் பிறேக் தட்டுகளிலிருந்து காயும், சைலன்சரில் நிற்கும் நீர் ஆவியாகி வெளியே போகும். ஒயில் ஊசி 90-ஐத் தாண்டிய பிறகும் பத்து நிமிடமாவது ஓடவேண்டும். ஏசியை வீட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னமே நிறுத்தி, விசிறியை மட்டும் முழு வேகத்தில் விட்டால் உள்ளே இருக்கும் குளிர்த்தகடு காயும். வசந்தத்தில் வரும் அந்தப் பூஞ்சண மணம் இங்கேதான் பிறக்கிறது.

ஒக்ரோபர் 26

தரை. கொங்கிறீற் மூச்சு விடும். 60 சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால், அடியில் வியர்வை தெரிகிறதா இல்லையா என்று விளங்கும். இங்கே தெரிந்தது. ஆகவே கார் நிற்கும் இடம் முழுக்கத் தடித்த பொலித்தீன் விரிப்பு, அதன்மேல் ரயருக்குக் கீழே 50 மில்லிமீற்றர் இளஞ்சிவப்பு இன்சுலேஷன் பலகை, நாலு துண்டு. ரயரின் பாரத்தில் பலகை லேசாகக் குழிந்து தொட்டில் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் பலத்தில் ஏற்ற முயன்றால் பலகை வழுக்கிப் பின்னால் பறக்கும். இரண்டு பேர் தள்ளி ஏற்றவேண்டும்.

காற்று: நாலு ரயருக்கும் 45 பி.எஸ்.ஐ. பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவை மீறக்கூடாது. வெப்பநிலை 5, 6 பாகை குறையும்போதெல்லாம் ஒரு பி.எஸ்.ஐ போல இறங்கும். இன்றைக்கு 13 பாகை, ஜனவரியில் மைனஸ் 15 என்றால், ஒரு துளியும் ஒழுகாமலே 5, 6 போய்விடும்.

ஜாக் தாங்கிகளில் காரைத் தூக்கிவைக்கலாமே என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சில்லுகள் தொங்கும்போது சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள் மாதக்கணக்கில் முறுகி நிற்கும். சொக் அப்சோபரின் மினுங்கும் தண்டு முழுதாக வெளியே வந்து ஈரக்காற்றில் நிற்கும். நின்ற பாரத்தால் ரயரில் விழும் தட்டையான இடம் ஓடினால் மறையும். பின் ட்ரெயிலிங் ஆர்ம் (பின் சில்லைத் தாங்கும் கை) புஷ் போனால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

கைப்பிறேக் போடக்கூடாது. ஈ46-இல் அது பின் தட்டுக்குள்ளே இருக்கும் சிறு ட்ரம்; ஷூ ட்ரம்மோடு கறளால் ஒட்டினால் வசந்தத்தில் தட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் வேலை. முதல் கியரில் விட்டு, ஒரு சில்லின் இரண்டு பக்கமும் கட்டை வைத்தால் போதும்.

ஒக்ரோபர் 27

பற்றரி. கணக்கைப் பாருங்கள்: தூங்கும் கார் 30 மில்லி அம்பியர் இழுத்தால் மாதத்துக்கு 21.6 அம்பியர்-மணி. 70 அம்பியர்-மணி பற்றரி மூன்று மாதம் கொஞ்சம் தாண்டியதும் தீர்ந்துவிடும். முழுச் சார்ஜில் உள்ள பற்றரி ஒன்ராறியோக் குளிரில் உறையாது. வெறுமையான பற்றரி மைனஸ் 10-க்கு முன்னமே உறைந்து, கோது வெடித்து, அமிலம் ஒழுகும். ஈ46-இல் பற்றரி டிக்கியில் இருப்பதால் அந்த அமிலம் தின்னுவது டிக்கித் தகட்டைத்தான்.

ஆகவே மெயின்ரெயினர் (பற்றரியை நிறைந்த நிலையிலேயே பேணும் சிறு சார்ஜர்), ஒரு அம்பியர் அளவு. சாதாரண சார்ஜர் கூடாது. அது நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருந்து தண்ணீரைக் கொதிக்கவைக்கும். பற்றரி ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும்) வகையா, சாதாரண வகையா என்று பார்த்து அந்த நிலையில் வைக்கவேண்டும். கிளிப்பைப் பொனற்றுக்குக் கீழே இருக்கும் பிளஸ் முனையிலும் எர்த் முனையிலும் மாட்டினால் டிக்கியைத் திறக்கவே தேவையில்லை. பற்றரியின் காற்றுக்குழாய் தன் இடத்தில் இருக்கிறதா என்று முன்னமே ஒருதரம் பார்க்கவும்.

கராஜில் மின்சாரம் இல்லாதவர்கள் மைனஸ் கேபிளைக் கழற்றுவார்கள் (10 மில்லிமீற்றர் சாவி). கூப்பேயில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கி ரப்பரிலிருந்து விடுபடும். பற்றரி இல்லாவிட்டால் இறங்காது, கதவை மூடினால் கண்ணாடி விளிம்பு இடிக்கும். கழற்ற முன்னம் இரண்டு கண்ணாடியையும் இரண்டு சென்ரிமீற்றர் இறக்கிவிடவும். 997 போர்ஷ வைத்திருப்பவருக்கு வேறு சிக்கல்: பற்றரி முன் டிக்கியில், டிக்கிப் பூட்டு மின்சாரத்தில். செத்த பிறகு திறக்க, ஓட்டுநர் கால்பக்க ஃப்யூஸ் பெட்டியில் இருக்கும் முனையை வெளியே இழுத்து 12 வோல்ட் கொடுக்கவேண்டும். அதை இப்போதே தேடிப் பார்த்து வைக்கலாம்.

நவம்பர் 2

எலி. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை அதற்குப் போதும். சைலன்சர் வாய் நாலுக்கும் செப்புக் கம்பிவலை, பில்டர் பெட்டிக் காற்றுவாய்க்கும் அதுவே. வைப்பருக்குக் கீழே இருக்கும் கபின் வடி வழியாகத்தான் உள்ளே போய் விசிறியில் கூடு கட்டும். அந்தக் காற்றுவாயையும் மூடவேண்டும். பூச்சி உருண்டை வேண்டாம், மணம் தோல் இருக்கையை விட்டுப் போகவே போகாது. கடலை வெண்ணெய் தடவிய பொறி நாலு, சுவரோரமாக.

எத்தனை இடத்தில் அடைத்தோம் என்று அட்டையில் எழுதி ஸ்ரியரிங்கில் கட்டவும். இங்கே எண்ணிக்கை: ஆறு.

கடைசியாகத் துணிப் போர்வை. தார்ப்பாயோ பிளாஸ்டிக்கோ போட்டால் உள்ளே ஈரம் சிக்கி, பெயின்ற் கொப்பளிக்கும்.

நவம்பர் 9

காப்புறுதி. ஒன்ராறியோவில் ஓ.பி.சி.எஃப். 16 என்ற இணைப்பு, வீதியில் ஓடுவதற்கான பகுதிகளை இடைநிறுத்தும். களவு, தீ போன்றவற்றுக்கான பகுதியை விட்டுவைக்கலாம். திரும்ப ஏற்ற 17. இடைநிறுத்திய பிறகு தெருமுனை வரைக்கும்கூட ஓட்டக்கூடாது. கடனில் எடுத்த கார் என்றால் முதலில் கடன் கொடுத்தவரிடம் கேட்கவேண்டும்.

டிசம்பர் 7

பக்கத்து இடத்தில் தினமும் ஓடும் வான் நிற்கிறது. அதன் சில்லு வளைவுகளிலிருந்து உருகி விழும் உப்புச் சேறுதான் இந்தக் கராஜின் உண்மையான எதிரி. ஈரமானி 84% காட்டியது. வானுக்குக் கீழே விளிம்பு உயர்ந்த ரப்பர் பாய் போட்டு, சேறை ஒவ்வொரு நாளும் தள்ளி வெளியே விட்டதில் ஒரு கிழமையில் 68-க்கு இறங்கியது. ஈரநீக்கி வாங்குவதென்றால் உறிஞ்சுபொருள் சுழலும் வகை. கொம்பிரஷர் வகை குளிரில் உறைந்துபோய் நிற்கும்.

ஜனவரி 11

இரண்டு கிழமை உறைகுளிருக்குப் பிறகு திடீரென்று 9 பாகை, மழை. ஜனவரி இளக்கம். கராஜ் கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுக்கலாம் என்று கை துறுதுறுக்கும் நாள் இது. திறக்கக்கூடாது. காரின் இரும்பு இன்னும் மைனஸ் 4-இல் இருக்கிறது. வெளியே இருக்கும் காற்று ஈரம் நிறைந்தது. அது பட்டவுடன் எஞ்சின் கட்டை, பிறேக் தட்டு, கியர்ப்பெட்டி எல்லாம் குளிர்பானப் போத்தல் மாதிரி வியர்க்கும். கதவைப் பூட்டியே வைத்து, காரை மெல்ல மெல்லச் சூடாகவிடுவதுதான் சரி. காற்றோட்டம் கொடுக்க ஏற்ற நாள், நல்ல வெயிலடிக்கும் காய்ந்த மைனஸ் 10 நாள்.

ஜனவரி 25

"கிழமைக்கு ஒருதரம் பத்து நிமிடம் ஸ்ரார்ட் பண்ணி விடுங்கோ" என்ற ஆலோசனை எல்லோரிடமும் உண்டு. நல்ல மனத்தோடு சொல்லப்படுவது. காருக்குச் செய்யும் கெடுதல் பெரிது.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 900 மில்லிலீற்றர் தண்ணீர் உண்டாகும். நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகவே வெளியேறும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் சைலன்சர் சூடாகாது. தண்ணீர் அதற்குள்ளேயே தங்கும். ஒருபங்கு வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். குளிரில் எஞ்சின் கூடுதலாக ஊற்றும் பெற்றோலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு அதே வழியில் போகும். 10டபிள்யூ-60 ஒயில் மைனஸ் 15-இல் தேன் மாதிரி. எஸ்54-இன் ரொட் பெயரிங் (பிஸ்டன் தண்டு சுழலும் இடத்துப் பெயரிங்) எவ்வளவு நுட்பமானது என்று அந்த எஞ்சினை அறிந்தவர்களுக்குத் தெரியும்; அதை இந்தத் தடித்த ஒயிலோடு இருபது தரம் எழுப்புவதற்கு நியாயமே இல்லை. ஐந்தரை மாதத்துக்கு சிலிண்டருக்குள் ஒயில் அடித்து மூடும் வேலையும் தேவையில்லை.

பெப்ரவரி 16

மைனஸ் 19. மெயின்ரெயினர் பச்சை. பொறியில் ஒன்று விழுந்திருந்தது. போர்வையைத் தூக்கவில்லை.

மார்ச் 22

வெளியே 14 பாகை, எல்லோரும் கார் எடுக்கிறார்கள். வீதி ஓரத்தில் உப்புத்தூள் இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது. இரண்டு மூன்று பெருமழை அடித்துக் கழுவிய பிறகுதான் எடுக்கலாம்.

ஏப்ரல் 12

மழைகள் வந்து போயின. பகலில் 12, இரவில் 5. நாலு நாளாக ரயர்கள் மைனஸைக் காணவில்லை.

அட்டையில் எழுதிய ஆறு வலைகளும் எண்ணி எடுக்கப்பட்டன. பெல்ற், வயர்களில் பல் பதிந்த அடையாளம் இல்லை. ரயர் 40 காட்டியது. கதவுத்தூண் ஸ்ரிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கினோம். சில்லுப் போல்ட்கள் 120 நியூட்டன் மீற்றர். பற்றரி, மெயின்ரெயினரைக் கழற்றி ஒரு இரவு விட்ட பிறகு 12.6 வோல்ட்.

கராஜ் கதவை முழுதாகத் திறந்த பிறகே சாவி. பெற்றோல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, ஐந்து விநாடிப்படி இரண்டு தரம் ஸ்ராட்டரைச் சுற்றவிட்டால், வெடிப்பின் பாரம் விழ முன்னமே ஒயில் பெயரிங்குக்குப் போய்ச் சேரும். ஃப்யூஸைத் திரும்பப் போட்டு ஸ்ரார்ட். முதல் சில விநாடி வல்வ் சத்தம் கேட்கும், அடங்கிவிடும். அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பலாம். நின்ற இடத்தில் சூடாக்கத் தேவையில்லை.

பின் சில்லு முதலில் அசைய மறுத்து, 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டது. பிறேக் பாட் தட்டோடு ஒட்டியிருந்த இடம் அது. அப்படி விடாவிட்டால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டவேண்டும். அக்சிலரேற்றரை அமுக்கினால் பாட்டின் தோல் உரிந்து தட்டில் நிற்கும். ஆள் இல்லாத தெருவில் 50-இலிருந்து 10 வரை, ஆறு ஏழு தரம் மிதமான பிறேக். கறள் மண்ணிறமாக உரசிப் போனது. ரயரின் தட்டை 'தொம் தொம்' என்று இருக்கையில் தெரிந்தது, 18 கிலோமீற்றரில் மறைந்தது. ஆர்பிஎம் மானியின் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து முடியும்வரை 4000-ஐத் தாண்டவில்லை. கடைசி விளக்கு அணைந்தபோது ஒயில் ஊசி 80-இல் நின்றது.