0.63 என்ற அந்த எண்

எரிசக்தித் துறையில் இன்டர்ன்ஷிப்புக்காக மூன்று நிறுவனங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மூன்றாவதில்தான் கிடைத்தது. முதல் இரண்டும் கைநழுவிய விதம் இன்னும் உறுத்துகிறது. ஆன்லைன் தேர்விலும் ஹெச்.ஆர். பேச்சிலும் சிக்கல் ஏதுமில்லை.

முதலாவது காற்றாலை நிறுவனம். ரெஸ்யூமில் என் புராஜெக்ட்டைப் பற்றி, 'சிறு காற்றாலை ரோட்டர், திறன் குணகம் 0.63' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். ரோட்டர், அதாவது சுழலும் இறக்கைகள், தன் மீது வீசும் காற்றின் ஆற்றலில் 63 சதவீதத்தை எடுக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்ததுமே மூத்த பொறியாளர் அந்த வரியில் விரல் வைத்தார்.

"பெட்ஸ் வரம்பு எவ்வளவு தம்பி?"

"59.3 சதவீதம் சார்" என்று சொல்லும்போதே தொண்டை அடைத்தது. திறந்தவெளிக் காற்றிலிருந்து ஒரு ரோட்டர் அதற்கு மேல் ஆற்றலை எடுக்கவே முடியாது. அடுத்து, "கம்ப்யூட்டர் சிமுலேஷனில் பக்கச் சுவர் எவ்வளவு தள்ளி இருந்தது?" என்றார். நான் வரைந்த காற்றுப் பாதையின் அகலம் மொத்தமே ரோட்டர் விட்டத்தில் ஒன்றரை மடங்குதான். சுவர் அவ்வளவு நெருங்கினால் காற்று விலகிப்போக இடமில்லாமல் ரோட்டருக்குள்ளேயே திணிக்கப்படும், எண் வீங்கிவிடும். ஒரு செமஸ்டர் முழுக்க நானும் பார்க்கவில்லை, கைடும் பார்க்கவில்லை. அதன்பிறகு அவர்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

போகிறவர்கள் தயவுசெய்து ரெஸ்யூமில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இயற்கை விதிக்கும் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எரிவாயு டர்பைனையும் நீராவி டர்பைனையும் சேர்த்து ஓட்டும் கூட்டுச் சுழற்சி மின்நிலையங்களில் உலகின் மிகச் சிறந்தவையே செயல்திறனில் 60 சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகின்றன. வெறும் நீராவிச் சுழற்சிக்கு 55 என்று எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது எண்ணெய், எரிவாயு நிறுவனம். கல்லூரியின் தடையில்லாச் சான்று அசலாக வேண்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மெயிலில் 'அடையாளச் சான்று' என்றுதான் இருந்தது! ஒரு நாள் வீண். அழைப்பு வந்ததும் என்னென்ன காகிதம், அசலா நகலா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் உள்ளே போனால் பாடத்திலிருந்து ஒரு கேள்விகூட இல்லை. "ஓடிக்கொண்டிருக்கும் நீராவிக் குழாயில் ஃபிளாஞ்ச் கசிகிறது. சூப்பர்வைசர் போல்ட்டை இறுக்கச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?" ஃபிளாஞ்ச் என்பது இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு. ஸ்பேனர் எடுத்து இறுக்குவேன் என்றேன். கேட்டவர் முகம் மாறியது. வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, வால்வுகளை மூடி லைனைத் தனிமைப்படுத்தி, யாரும் திறக்காதபடி பூட்டு மாட்டி, அழுத்தம் இறங்கியதை உறுதிசெய்து, பெர்மிட் (வேலை செய்ய எழுத்துப்பூர்வ அனுமதி) வாங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் போல்ட் அறுந்தால் பக்கத்தில் நிற்பவன் பிழைக்க மாட்டான். இதை எந்தப் பாடத்திலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதில்தான் எனக்குக் கோபம்.

அன்றிரவே வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்த விபத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1988 ஜூலை 6. பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. பம்பை ஓடவிட்டதும் கசிவு, வெடிப்பு. 167 பேர் இறந்தார்கள். பெர்மிட் ஏன் வெறும் காகிதமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவதுக்கு முன் பத்து நாள் உட்கார்ந்து, சுவர்களைத் தள்ளிவைத்து சிமுலேஷனைத் திரும்ப ஓட்டினேன். 0.41 வந்தது. ரெஸ்யூமில் இரண்டு எண்ணையும், மாறிய காரணத்தையும் எழுதினேன். அங்கே பாதி நேரம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச்சு. கடைசியாக, "ஷிப்ட் மாறும்போது என்ன கேட்பீர்கள்?" என்றார்கள். "எந்தெந்த பெர்மிட் இன்னும் மூடப்படவில்லை என்று முதலில் கேட்பேன்" என்றேன். நான்காம் நாள் மெயில் வந்தது.